பழைய வீட்டுக்குப் புது விருந்தாளி

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள மாநிலத் தலைநகர் ஜார்ஜ் டவுனில், லெய்த் தெரு வழியாகப் போகிறவர்கள் ஒரு வீட்டு வாசலில் தவறாமல் நின்றுவிடுகிறார்கள். சுவரெல்லாம் நீலம். சுண்ணாம்பில் அவுரியைக் கரைத்து அடித்த நிறம் அது. அந்த அவுரி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. உள்ளே 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீன வணிகர் கட்டிய மாளிகை. இன்று அங்கே இருபதுக்கும் குறைவான அறைகளை வைத்து ஒரு விடுதி நடக்கிறது. ஒரு கோடீஸ்வரர் தன் ஏழாவது மனைவிக்காக ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில், வாடகை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஓர் இரவு படுத்து எழுந்திருக்கலாம்.

அந்த வீடு பிழைத்ததே பெரிய கதை. 1840-ல் குவாங்டாங் மாகாணத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்த சியோங், இளவயதில் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, பிழைப்புத் தேடிப் போனார். பண்ணை, கப்பல், வங்கி, திராட்சை மது என்று தொட்டதெல்லாம் துலங்கியது. பினாங்கில் சீன அரசின் துணைத் தூதராகவும் இருந்தார். 1916-ல் இறப்பதற்கு முன், கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதிவைத்தார். உயில் வீட்டைக் காத்தது, ஆனால் பராமரிக்கப் பணம் தரவில்லை. மாளிகை துண்டு துண்டாக வாடகைக்குப் போனது. பல குடும்பங்கள் உள்ளே அடுப்பு மூட்டிச் சமைத்தன, கூரை ஒழுகியது, பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த சிற்பங்கள் உதிர்ந்தன. கடைசி மகன் மறைந்த 1989-ல்தான் வீடு விலைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் சேர்ந்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செப்பனிட்டார்கள். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வந்தது. ஒரு பாழடைந்த வீட்டை விடுதியாக்கி, அந்த வருமானத்திலேயே வீட்டைக் காப்பாற்றலாம் என்று ஊருக்கே காட்டிய முதல் உதாரணம் இதுதான்.

அதன் பிறகு ஜார்ஜ் டவுனில் சின்ன விடுதிகள் பெருகிய வேகம் வியக்க வைக்கும். மருந்துக்கடை, குதிரை லாயம், வணிகக் கிடங்கு, வரிசை வீடுகள் என்று கையில் கிடைத்த பழைய கட்டடமெல்லாம் பத்து அறை, பதினைந்து அறை விடுதியாக மாறியிருக்கிறது. பூட்டிக் ஹோட்டல் என்ற பெயர் உலகம் முழுக்க எதற்கெல்லாமோ ஒட்டப்படுகிறது. இந்த ஊரில் அதற்கு உறுதியான பொருள் உண்டு: நூறு வயது தாண்டிய ஒரு வீட்டுக்குள் அந்த வீட்டின் சௌகரியத்தோடும் அசௌகரியத்தோடும் தங்குவது.

இத்தனை பழைய வீடுகள் எப்படி மிஞ்சின? சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இடித்துக் கட்டிக்கொண்டிருந்த பத்தாண்டுகளில் ஜார்ஜ் டவுன் மட்டும் எப்படித் தப்பியது? பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். குடியிருப்போரைக் காக்க வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1966-ல் அது முழுச் சட்டமானது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் செப்பனிடவும் மாட்டார், இடிக்கவும் முடியாது. அதனால் ஆயிரக்கணக்கான கடைவீடுகள் அழுக்கேறி, கூரை சரிந்து, ஆனாலும் நின்றன. உள்ளே தச்சரும் தையற்காரரும் ஊதுவத்தி செய்பவரும் பிரம்பு பின்னுபவரும் மூன்று தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

1997-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. அவகாசம் முடிந்து, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை சந்தை விலைக்குத் தாவியது. எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தீவின் வேறு பகுதிகளுக்கும் எதிர்க்கரைக்கும் போயின. காலியான வீடுகளில் சில இடிந்தன; சில உழவாரக் குருவிகளுக்குப் போயின. சூப்புக்காக அந்தக் குருவியின் கூட்டைப் பொன் விலைக்கு வாங்குவார்கள் என்பதால், ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, குருவிக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, வீட்டுக்குள் ஈரத்தைப் பெருக்கிவைத்தார்கள். சுவரும் மரமும் உள்ளுக்குள்ளேயே அழுகின. 2008 ஜூலை 7-ஆம் தேதி, மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின. அதன் பிறகுதான் மரபு வட்டாரத்துக்குள் குருவி வளர்க்கத் தடை வந்தது. கட்டட உயரத்துக்கு 18 மீட்டர் என்று வரம்பு விதித்தார்கள். பினாங்கில் ஜூலை 7 இன்று அரசு விடுமுறை. அதையொட்டி நடக்கும் கொண்டாட்டங்களின்போது சின்ன விடுதிகளில் அறை கிடைப்பது சிரமம்.

அந்த விடுதிகளில் பெரும்பாலானவை குடியேறியிருப்பது கடைவீட்டில். எனவே கடைவீடு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போனால் தங்கும் அனுபவமே வேறு. தெருப் பக்கம் அகலம் மிகக் குறைவு, ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். கீழே கடை, மேலே குடும்பம். இரு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது என்பதால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் ஒன்றோ இரண்டோ திறந்த முற்றம். வெயில் ஏற ஏற முற்றத்துச் சூடான காற்று மேலெழும். அந்த இடத்தை நிரப்ப, வாசல் நிழலில் குளிர்ந்த காற்று வீட்டுக்குள் இழுக்கப்படும். மழை நேரே உள்ளே கொட்டும். சீனர் நம்பிக்கையில் முற்றத்தில் விழும் தண்ணீர் செல்வம். அது கண்ணெதிரே வெளியே ஓடிவிடக்கூடாது. மின்விசிறி இல்லாத காலத்தில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மனிதர்கள் வாழ்ந்த வழி இது.

வாசலில் அஞ்சடி. மலேசியத் தமிழர் வாயில் புழங்கும் பெயர் இது. மேல்மாடி முன்னே நீண்டு நிழல் தர, அதன் கீழே ஐந்தடி அகலத்துக்கு ஒரு நடைபாதை. வீட்டுக்கு வீடு தொடர்ந்து தெரு முழுக்க ஓடும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. வெயிலோ மழையோ, குடையில்லாமல் தெருக்கோடி வரை போகலாம். பூட்டுக் கடைக்காரரும் சாவி செய்பவரும் பூமாலை கட்டுபவரும் அஞ்சடியில்தான் கடை விரித்தார்கள். பிள்ளைகள் விளையாடியதும் பெரியவர்கள் மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அங்கேதான்.

ஒரு சின்ன விடுதி நல்லதா என்று தெரிந்துகொள்ள நட்சத்திரக் கணக்கு உதவாது. இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். முற்றம் திறந்திருக்கிறதா? அஞ்சடி திறந்திருக்கிறதா? முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு, வீடு முழுவதையும் குளிரூட்டிக்கு ஒப்படைத்துவிட்டால் அந்த வீடு மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறது. சில மாதங்களில் சுவரில் பூஞ்சை வரும். அஞ்சடியைப் பூந்தொட்டியாலும் சங்கிலியாலும் அடைத்து, வரவேற்பறையின் நீட்சியாக்கிக்கொண்ட விடுதியில் பாதசாரி தெருவில் இறங்கி மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கிறது. இவற்றைவிட மோசம், முகப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் இடித்துக் கான்கிரீட் பெட்டி கட்டுவது. படத்தில் அழகாக விழும். அங்கே தங்குகிறவர் பழைய வீட்டில் தங்கவில்லை. பழைய சுவர் ஒன்றுக்குப் பின்னால் தங்குகிறார்.

செப்பனிடும் வேலையின் நுட்பம் சுவரில்தான் இருக்கிறது. கடற்கரை ஊர், நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. செங்கல் அதை உறிஞ்சி மேலே இழுக்கும். நீரோடு உப்பும் ஏறும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிறகு பெயின்ட் கொப்புளித்து உரியும், செங்கல் பொடியும். அவசரமாகத் திறந்த எத்தனையோ விடுதிகள் இரண்டு மழைக்காலத்துக்குள் இந்தப் பாடத்தைப் படித்தன. இன்று நல்ல ஒப்பந்தக்காரர்கள் முதலில் செய்வது, பிற்காலத்தில் ஏறிய சிமென்டைச் சுரண்டி எடுப்பதுதான். பிறகு சுண்ணாம்பைப் புளிக்கவைத்துப் பூசி, இயற்கை நிறம் கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் அடிக்கிறார்கள். கூரைக்குக் கையால் செய்த களிமண் ஓடு. உத்தரத்துக்குச் செங்கால் மரம். இதெல்லாம் செலவு, கைதேர்ந்த ஆள் கிடைப்பது அதைவிடக் கடினம். 2009-ல் தொடங்கிய திங்க் சிட்டி நிறுவனம் தனியார் உரிமையாளர்களுக்கு மானியம் கொடுத்து இந்த முறையைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது.

ஸ்டூவர்ட் சந்தில் செவன் டெரசஸ் என்ற விடுதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஏழு வரிசை வீடுகள். கூரை போய், சுவர் மட்டும் நின்ற நிலையில் அவற்றைக் கையில் எடுத்தவர் கிறிஸ்டோபர் ஓங். இலங்கையின் காலி கோட்டைக்குள் ஒரு பழைய வணிகர் மாளிகையைச் செப்பனிட்டு விடுதியாக்கியவர் இவரே. அங்கே கற்ற பாடத்தைச் சொந்த மண்ணில் செய்துகாட்டினார். நடுவே கருங்கல் பாவிய நீண்ட முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்குள், மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீனரான பெரனாக்கான் குடும்பங்கள் புழங்கிய செதுக்கு வேலைக் கட்டிலும் அலமாரியும். அடுத்த தெருவில் கருணைத் தாய் குவான் யின் கோயில். ஊதுவத்திப் புகை காற்றில் வந்தபடியே இருக்கும்.

தமிழருக்கு நெருக்கமான தங்குமிடம் வேறு. பினாங்கு வீதியில், லிட்டில் இந்தியாவின் நடுவே, ஒரு காலத்தில் சீன மருந்துக்கடையாக இருந்த கட்டடம் ரென் ஐ டாங் என்ற விடுதியாகியிருக்கிறது. வேர், பட்டை, மூலிகை மூட்டைகள் ஏறி இறங்கிய மாடிகளில் இன்று படுக்கையறைகள். வாசலை விட்டு இறங்கினால் புடவைக் கடை, பாத்திரக் கடை, மாலைக் கடை, எல்லாப் பக்கமும் தமிழ்ப் பாட்டு. ஒரே கட்டடத்தில் சீன வைத்தியமும் அதன் வாசலில் மல்லிகைப்பூவும் எந்த விளக்கமும் இல்லாமல் சேர்ந்து கிடப்பது ஜார்ஜ் டவுனின் இயல்பு.

1786-ல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கால் வைத்து, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை ஊருக்குச் சூட்டினார். நேர்கோட்டில் தெருக்கள் வகுத்தார். அவற்றில் ஒன்று சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அன்று சூலியா என்றே அழைத்தார்கள். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஊரின் நடுநாயகம். சூலியா தெரு முனையில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவில் எழுந்த தர்கா. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். 1818-ல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியது, கம்பெனி நாடு கடத்திக் கொண்டுவந்த இந்தியக் கைதிகளின் உழைப்பு. பிற்காலத்தில் ரஜுலா என்ற பயணிகள் கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் முதலில் பார்த்த மலாயாக் கரை இந்தத் தீவுதான்.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? நகரத்தார் பினாங்கு வீதிப் பக்கத்துக் கிட்டங்கிகளில் தங்கினார்கள். நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் கணக்கு மேசையும். பகலில் வட்டிக்கடை, இரவில் அங்கேயே பாய். சீனத் தொழிலாளர்களுக்குக் குலச் சங்கங்கள் கூரை கொடுத்தன. வசதியுள்ள ஐரோப்பியருக்கு, ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ் குடும்பத்தார் 1885-ல் கடலோரம் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் இருந்தது. இரண்டு வருடம் கழித்துச் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்ததும் அதே சகோதரர்கள். ஆக, அயலூர்க்காரருக்குப் படுக்க இடம் கொடுப்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. கடைவீட்டில் அறை எடுக்கும் இன்றைய பயணி அந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர்.

தங்குவதன் நடைமுறைக்கு வருவோம். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. மரப்படி செங்குத்தாக ஏறும். மூட்டு வலிக்காரர்கள் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. மேல்மாடித் தரை பலகை என்பதால் மாடியில் ஒருவர் எழுந்து நடந்தால் கீழே கேட்கும். தெருப் பக்க அறையில் வெளிச்சமும் பலகணியும் உண்டு, மோட்டார் சைக்கிள் சத்தமும் உண்டு. உள் அறை அமைதி. ஆனால் அதன் ஒரே ஜன்னல் முற்றத்தைப் பார்த்திருக்கும். வெளிநாட்டுப் பயணியானால் அறை வாடகைக்கு மேல் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். விடியும் முன்பே பாங்கொலி. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி. தூக்கம் கலைகிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், அந்த ஒலிகள் விடுதிக்கு இருநூறு வருடம் மூத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விடுதியிலேயே பசியாறுவது இந்த ஊரில் வீண். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற நாசி கண்டார், இன்று ஊரின் அடையாளச் சாப்பாடு. வெள்ளைச் சோறு, மேலே மீன், கோழி, வெண்டைக்காய், நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. வரிசையில் நின்று கைகாட்டி வாங்கி, பக்கத்தில் ஆற்றிய தேநீரோடு சாப்பிடுகிறவருக்கு வெண்ணெய் தடவிய ரொட்டித் தட்டு நினைவுக்கே வராது. விடுதிகளில் நியாயமானவை இதைப் புரிந்துகொண்டு, காலை உணவைத் திணிக்காமல், தெருமுனைக் கடைகளின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புகின்றன. அந்தப் பணம் தெருவிலேயே தங்குகிறது.

தெரு என்பதுதான் இன்றைய சிக்கல். 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஜார்ஜ் டவுன் விழாவுக்காக ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகள் ஒரு நிஜ சைக்கிளில் போவதுபோல ஓவியம் வரைந்தார். அதன் முன் படமெடுக்க வரிசை நின்றது. அதைச் சுற்றிப் பனிக்கூழ் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் முளைத்தன. வாடகை மறுபடி ஏறியது. 2000-ல் தப்பிய கைவினைஞர்களில் பலர் அப்போது போனார்கள். பழைய வட்டாரத்தில் குடியிருப்போர் தொகை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பகலில் நெரிசல், இரவில் சில சந்துகளில் விடுதி விளக்கு மட்டும். யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தது கட்டடங்களுக்காக மட்டும் அல்ல. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் சீனக் கோயிலும் அருகருகே வழிபாட்டோடு இயங்கும் வாழ்க்கைக்காகவும் சேர்த்தது. வழிபட வருபவர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியிலிருந்து காரில் வரும் நிலை வந்தால் அந்த வாழ்க்கை எப்படி நீடிக்கும்?

இதற்குச் சின்ன விடுதிகளைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. அவை வராமல் இருந்திருந்தால் செவன் டெரசஸ் இருந்த இடத்தில் இன்று வெறும் மண்மேடுதான். நீல மாளிகைக்குப் பதில் அடுக்குமாடி. ஆனால் ஒரே தெருவில் எல்லா வீடும் விடுதியானால், பயணி பார்க்க வருவதே மற்ற பயணிகளைத்தான். பத்து வீட்டில் இரண்டு விடுதி, மீதி எட்டில் பூட்டுக்காரரும் மாலைக்காரரும் பாட்டியும் பேரனும் என்பது ஆரோக்கியமான கணக்கு. 2010-ல் மாநில அரசு அமைத்த மரபு நிறுவனமும் 2016-ல் அரசிதழில் வந்த சிறப்புத் திட்டமும் எந்தக் கட்டடத்தில் எதைச் செய்யலாம் என்று விதிகள் வகுத்திருக்கின்றன. சுவர், கூரை, உயரம், நிறம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வாடகையைத் தீர்மானிப்பது மட்டும் சந்தை.

ஆனாலும் ஜார்ஜ் டவுனுக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இங்கே பழைய வீடுகளில் கணிசமானவை தனியார் கையில் இல்லை. சீனக் குலச் சங்கங்கள், கோயில் அறங்காவலர்கள், பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்கள் என்று சமூகத்தின் பொதுச் சொத்தாக வரிசை வரிசையாக வீடுகள் இருக்கின்றன. இவர்களுக்கு அதிகபட்ச வாடகை கட்டாயமில்லை. நாற்பது வருடம் குடியிருந்த தையற்காரரைக் கட்டுப்படியாகும் வாடகைக்குத் தொடர விடலாம், பக்கத்துக் காலி வீட்டை நல்ல விடுதிக்கு விட்டு அந்த வருமானத்தில் இரண்டு கூரையையும் மாற்றலாம். ஆர்மீனியன் தெருவிலும் ஆச்சே தெருவிலும் சூலியா தெருவிலும் குத்தகை முடிந்து காத்திருக்கும் கடைவீடுகளுக்கு அடுத்து யார் வருவார்கள் என்பதை இந்தக் குழுக்கள்தான் ஒவ்வொன்றாக முடிவுசெய்ய வேண்டும்.